ஆங்கில ஆசிரியர் கேட்க வேண்டிய தமிழ்



தமிழுக்கென அமைந்த மன்றத்தின் மேடையில் ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றிப் பேசுவது முறையாகுமா எனச் சிலர் உள்ளத்துள் வினவக்கூடும். முறையே என்பது நம் எண்ணம். 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்னும் ஆங்கிலப் பள்ளியின் கூரைக்கீழ் ஒரு வகுப்பாகத் தொடங்கிய மலேசியத் தமிழ்க்கல்வி, இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக விரிந்துள்ளது. அப்பள்ளிகளின் வாயிலில் நின்று, பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாவா எனத் தயங்கும் பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி தமிழைப் பற்றியதன்று. "இங்கே படித்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் வருமா?" என்பதே அக்கேள்வி. விடை ஐயத்திற்கிடமாக இருந்தால் அவர்கள் வேறு பள்ளியை நாடுகின்றனர். ஆகவே, தமிழ்ப்பள்ளியின் ஆங்கில வகுப்பு எவ்வாறு நடைபெறுகிறது என்பது தமிழின் நலனோடும் பிணைந்த செய்தியாகும்.

நாம் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர் அல்லேம். தமிழ் மொழியியலே நம் துறை. பணி ஓய்வுக்குப்பின், ஆசிரியர்கள் சிலரின் அழைப்பை ஏற்று, ஆங்கில வகுப்புகளின் பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அங்கே கேட்டவற்றுள் பெரும்பகுதி ஆங்கிலச் சொற்களை உடுத்திய தமிழ் இலக்கணமாகவே நமக்குப் பட்டது. இவ்வுரை அதனைப் பற்றியது.

முதலில் ஒரு நிகழ்ச்சி. மூன்றாம் ஆண்டு வகுப்பு. வீட்டுப்பாடம் கொண்டுவராத ஒரு சிறுவனை நோக்கி ஆசிரியை, "டிடன்ட் யூ டூ யுவர் ஹோம்வொர்க்?" என்று கேட்டார். சிறுவன் எழுந்து நின்று, "எஸ், டீச்சர்" என்றான். "அப்படியானால் காட்டு" என்றார் ஆசிரியை. சிறுவன் விழித்தான். "செய்தேன் என்று சொல்கிறாய், நோட்டுப்புத்தகம் எங்கே?" எனக் குரல் உயர்ந்தது. செய்யாத குற்றத்தோடு பொய்யுரைத்த குற்றமும் சேர்ந்து அச்சிறுவன் அந்தப் பாடவேளை முழுவதும் நிற்க நேர்ந்தது.

அவன் பொய் சொல்லவில்லை. "வீட்டுப்பாடம் செய்யவில்லையா?" என்று தமிழில் கேட்டால், "ஆமாம்" என்னும் விடைக்கு, "நீங்கள் சொல்வது சரி, செய்யவில்லை" என்பதே பொருள். கேட்டவரின் கூற்றோடு உடன்படுகிறோமா, மறுக்கிறோமா என்பதைத் தமிழின் 'ஆமாம்' காட்டுகிறது. சீனமும் சப்பானியமும் இவ்வகையில் தமிழோடு ஒத்தவை. ஆங்கிலத்தின் 'எஸ்' அவ்வாறு இயங்குவதில்லை. வினா எவ்வடிவில் அமைந்தாலும் செயல் நிகழ்ந்திருந்தால் 'எஸ்', நிகழாதிருந்தால் 'நோ'. சிறுவன் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் முறையில் நேர்மையாகப் பயன்படுத்தினான். ஆசிரியையும் தமிழ் பேசுபவரே; வீட்டில் தம் பிள்ளையிடம் இதே வினாவைத் தமிழில் கேட்டு 'ஆமாம்' என்ற விடை வந்தால் சரியாகவே புரிந்துகொண்டிருப்பார். ஆங்கில வகுப்பினுள் நுழைந்ததும் அத்தமிழறிவை வாயிலிலேயே விட்டுவந்தார் என்பதுதான் குறை.

இதற்குத் தீர்வு எளிது. தொடக்கநிலை மாணவரிடம் எதிர்மறை வினாவைத் தவிர்த்து, "டிட் யூ டூ இட்?" என்றே கேட்கலாம். எதிர்மறை வினாவைக் கற்பிக்கும் காலம் வரும்போது, இரு மொழிகளின் வேறுபாட்டைக் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டிவிட்டால், எட்டு வயதுப் பிள்ளைகள் அதனை ஒரு விளையாட்டைப் போலப் பற்றிக்கொள்கின்றனர்.

1967ஆம் ஆண்டில் பிட் கார்டர் என்னும் மொழியியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். மாணவரின் பிழைகள் களையப்பட வேண்டிய களைகள் மட்டும் அல்ல, அவர் உள்ளத்தில் மொழி எவ்வாறு உருவாகி வருகிறது என்பதற்கான சான்றுகளும் ஆகும் என்பது அதன் சாரம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆசிரியப் பயிற்சிகளில் இக்கருத்து சொல்லப்பட்டுத்தான் வருகிறது. ஆயினும் சான்றைப் படிக்க வேண்டுமானால் அது எம்மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமன்றோ? தமிழ்ப் பிள்ளையின் பிழையைப் படிக்கத் தமிழ் இலக்கணம் வேண்டும்.

ஒலியிலிருந்து சில காட்டுகள். தமிழ்ச்சொல்லின் இறுதியில் வல்லினமெய் நில்லாது என்பது பிள்ளைகள் இலக்கண வகுப்பிற் படிப்பது. எனவேதான் 'புக்' 'புக்கு' ஆகிறது, 'கப்' 'கப்பு' ஆகிறது. குற்றியலுகரம் ஓடிவந்து மெய்யைத் தாங்கிக்கொள்கிறது. இதனைக் கண்டு நகைக்கும் ஆசிரியர், தொல்காப்பியர் காலத்து விதி ஒன்று தம் கண்முன் உயிரோடு இயங்குவதைக் கண்டு நகைக்கிறார். நம் நாட்டுப் பிள்ளைக்கோ மற்றொரு வசதியும் உண்டு. அவன் நாள்தோறும் மலாய்மொழியில் 'சுக்குப்' என்கிறான், 'சாக்கிட்' என்கிறான். அங்கே உகரம் சேர்ப்பதில்லை. "சுக்குப் என்று சொல்லும் வாயால் கப் என்று சொல்" என்று சொன்னால் போதும். ஒரு கிழமை பயிற்சியை ஒரு நொடியில் முடித்துக்கொள்ளலாம். மும்மொழிச் சூழலில் வளரும் பிள்ளையின் வாயில் ஆங்கிலத்திற்கு வேண்டிய ஒலிகளுட் பல ஏற்கெனவே இருக்கின்றன. எந்த மொழியில் இருக்கின்றன என்று ஆசிரியர் அறிந்திருந்தால் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

மறுதலையாக, தேவையற்ற உழைப்பும் நடக்கிறது. 'ஷிப்', 'ஷீப்' என்னும் இணையை வைத்துக்கொண்டு ஒரு பாடவேளை முழுவதையும் செலவிட்ட வகுப்பொன்றைக் கண்டோம். குறில் நெடில் வேறுபாடு இல்லாத மலாயைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்க்கு அப்பயிற்சி இன்றியமையாதது. 'விடு' என்பதையும் 'வீடு' என்பதையும் இரண்டு வயதிலேயே பிரித்துணர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு அது முப்பது நிமிடப் பாடம் அன்று. முப்பது நொடிப் பாடம். மீதி நேரத்தை 'பெட்' என்னும் படுக்கைக்கும் 'பேட்' என்னும் கெட்டதற்கும் உள்ள உயிரொலி வேறுபாட்டிற்கும், 'வைன்' எனத் தமிழில் ஒன்றுபோலவே எழுத நேரும் கொடிக்கும் மதுவிற்கும் உள்ள தொடக்கவொலி வேறுபாட்டிற்கும் செலவிட்டிருக்கலாம். அங்கேதான் தமிழின் எகரமும் வகரமும் பிள்ளைக்குத் துணைசெய்யா.

பாடநூல்கள் இதனைச் சொல்லித் தரமாட்டா. மொழிகளுக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டகத்தைத் தழுவி, 2015 முதல் 2025 வரையிலான ஆங்கிலக்கல்விச் சீரமைப்புத் திட்டம் நம் நாட்டில் வகுக்கப்பட்டது. வெளிநாட்டிற் பதிப்பிக்கப்பெற்ற பாடநூல்களும் வகுப்பறைக்குள் வந்தன. நல்ல நூல்களே. எனினும் தம் நூலை விரிக்கும் பிள்ளையின் தாய்மொழி தமிழா, ஸ்பானியமா என்பது அந்நூலாசிரியர்க்குத் தெரியாது. அதனை அறிந்தவர் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் ஒருவரே.

இனி, ஆங்கில ஆசிரியர் பலரும் தலையில் அடித்துக்கொள்ளும் இடத்திற்கு வருவோம். 'எ', 'தி' என்னும் சிறு சொற்கள். "தமிழில் இவை இல்லை, ஆதலால் பிள்ளைகளுக்கு வராது, மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்" என்பது பொதுவான முடிபு. சொற்கள் இல்லை என்பது உண்மை. அவற்றின் பொருள் தமிழில் இல்லை என்பது உண்மையன்று. "நேற்று ஒரு கதைப்புத்தகம் வாங்கினேன். தம்பி புத்தகத்தைக் கிழித்துவிட்டான்." இவ்விரு தொடர்களையும் எந்தப் பிள்ளையும் பிழையின்றிச் சொல்லும். முதல் தொடரில் 'புத்தகம்' உருபேற்கவில்லை. கேட்பவர்க்கு அது புதிய செய்தி. இரண்டாவதில் 'புத்தகத்தை' என ஐயுருபு ஏற்றது. கேட்பவர் அறிந்த அதே புத்தகம். "தம்பி புத்தகம் கிழித்துவிட்டான்" என்று, அந்தக் குறிப்பிட்ட புத்தகத்தை எண்ணி எப்பிள்ளையும் சொல்வதில்லை. செயப்படுபொருளாக வரும் அஃறிணைப் பெயரில், அறிந்தது அறியாதது என்னும் வேறுபாட்டைத் தமிழ் இரண்டாம் வேற்றுமை உருபால் காட்டிவிடுகிறது. ஆங்கிலம் அதே வேறுபாட்டைப் பெயருக்கு முன் ஒரு சொல்லை வைத்துக் காட்டுகிறது.

இதனை நாம் எடுத்துரைத்தபோது ஓர் இளம் ஆசிரியர் தம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் செய்து பார்த்தார். தமிழில் ஒரு சிறுகதையைப் பலகையில் எழுதி, 'ஒரு' வரும் இடங்களையும் ஐயுருபு வரும் இடங்களையும் வெவ்வேறு நிறத்தில் வட்டமிடச் செய்து, பின்னர் அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. எழுவாயாக வரும் பெயர்க்கு இவ்வழி பயன்படாது. உயர்திணைப் பெயரோ அறியாததாயினும் ஐயுருபு ஏற்கும். ஆனாலும் 'தி' என்பது கண்ணை மூடிக்கொண்டு தூவும் உப்பு அன்று, அதற்கொரு காரணம் உண்டு என்பது அப்பிள்ளைகளுக்கு முதன்முறையாகத் தெரிந்தது. ஒரு மாணவி, "அப்ப இது நமக்கு முன்னாடியே தெரியும்லா, சார்?" என்று கேட்டாளாம்.

எல்லாப் பிழையையும் தமிழின் கணக்கில் எழுதுவதும் தவறு. 'ஷீ கோ டு ஸ்கூல்' என்று பிள்ளைகள் சொல்வதைத் தாய்மொழித் தாக்கம் என்பார் உளர். தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் அனைத்தையும் காட்டுவது. 'போகிறாள்' என்பதைப் 'போகிறேன்' என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் மயங்குவதில்லை. இயைபில் இத்துணைப் பழக்கமுள்ளவர் ஆங்கிலத்தின் ஒற்றைச் சகரத்தை விடுவானேன்? 1974இல் டுலே, பர்ட் என்னும் இருவர் ஸ்பானியம் பேசும் குழந்தைகளையும் சீனம் பேசும் குழந்தைகளையும் ஆராய்ந்து, ஆங்கில உருபுகளை அவர்கள் கைக்கொள்ளும் வரிசை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறதெனக் கண்டனர். அவ்வரிசையில் இச்சகரம் காலந்தாழ்ந்து வருவனவற்றுள் ஒன்று. ஆகவே முதலாம் ஆண்டிலேயே இதற்காகப் பிள்ளையை வாட்டுவதிற் பயனில்லை. எந்தப் பிழைக்குக் காத்திருக்க வேண்டும், எதற்கு இன்றே விளக்கம் தர வேண்டும் எனப் பிரித்தறிவது நல்லாசிரியரின் பழக்கங்களுள் தலையாயது என்போம்.

காத்திருத்தல் என்றவுடன் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. வினாவை எழுப்பிய ஆசிரியர் விடைக்கு எத்துணை நேரம் காத்திருக்கிறார்? அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருப்பதாகவும், அதனை மூன்று நொடியாக உயர்த்தினால் விடைகள் நீள்வதாகவும், வாய் திறவாதிருப்போர் குறைவதாகவும் 1970களில் எழுதினார். அது தம் தாய்மொழியிலேயே பெரும்பாலும் பயிலும் மாணவரைப் பற்றிய செய்தி. நம் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவனுடைய மொழியில் வினை தொடரின் இறுதியில் வரும்; ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்தே வந்து நிற்க வேண்டும். உள்ளத்தில் உருவான தொடரைப் புரட்டிப்போட்டு, காலம் பார்த்து, சொல் தேடி, அதன்பின் வாய் திறக்க வேண்டும். அதற்குள், "சரி, அடுத்தவர்" என்று விரல் நகர்ந்துவிடுகிறது. முன்வரிசையில் எப்போதும் கை தூக்கும் நால்வர் விடை சொல்ல, ஏனைய இருபதின்மர் பாடம் நடக்கும் திசையை வேடிக்கை பார்க்கின்றனர். நாம் அமர்ந்த பின்வரிசையிலிருந்து இக்காட்சி நன்றாகவே தெரிந்தது. மனத்துள் ஐந்து எண்ணும் வரை ஆசிரியர் வாய் திறவாதிருத்தல் செலவற்ற பயிற்சி. ஆனால் கடினமான பயிற்சி. ஆசிரியர் குலத்திற்கு மௌனம் எளிதில் வாய்ப்பதில்லை.

பிழையைத் திருத்தும் முறைக்கு வருவோம். "எஸ்டர்டே ஐ கோ டு மை தாத்தா ஹவுஸ்" என்கிறது ஒரு பிள்ளை. "யூ வென்ட் டு யுவர் கிராண்ட்ஃபாதர்ஸ் ஹவுஸ்" எனத் திருத்திச் சொல்கிறார் ஆசிரியர். பிள்ளை தலையசைக்கிறது. திருத்தம் நிகழ்ந்ததாக ஆசிரியர் எண்ணுகிறார். தான் சொன்னதை ஆசிரியர் ஒப்புக்கொண்டதாகப் பிள்ளை எண்ணுகிறது. கனடாவின் பிரெஞ்சுமொழி வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் லிஸ்டரும் ராண்டாவும் வெளியிட்ட கட்டுரை இதனையே காட்டியது: ஆசிரியர்கள் மிகுதியாகக் கையாண்ட திருத்தமுறை இதுதான், மாணவர் தம் பிழையைத் தாமே சீர்செய்ய மிகக் குறைவாகத் தூண்டியதும் இதுதான். மாறாக, "எஸ்டர்டே, யூ...?" என்று தொடரை அரையிற் நிறுத்தினால், "வென்ட்" என்னும் சொல் பிள்ளையின் வாயிலிருந்தே வர வாய்ப்புண்டு. 'தாத்தா ஹவுஸ்' இருக்கிறதே, அது வேறு வகை. 'தாத்தா வீடு' என்பது ஆறாம் வேற்றுமைத்தொகை. தொகையாக நிற்கும் உருபை ஆங்கிலத்தில் விரித்துச் சொல்ல வேண்டும் என ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று உண்டு. தாத்தா வீட்டிற்குப் போனதை ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல முன்வந்திருக்கிறது. அங்கே என்ன செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதன்பின் இறந்தகாலத்திற்குப் போகலாம். செய்தியைக் கேளாமல் இலக்கணத்தை மட்டும் கேட்கும் ஒருவரிடம் நாமே இரண்டாம் முறை வாய் திறப்போமா?

கட்டுரை நோட்டுகளைப் பற்றிச் சிறிது. ஒவ்வொரு பிழையின்மேலும் சிவப்பு மை இடுவது ஆசிரியரின் கடமையுணர்வைக் காட்டுகிறது; மாணவர் அதில் எதையும் படிப்பதில்லை. ஒரு கிழமைக்கு ஒரு வகைப் பிழையைத் தெரிந்துகொண்டு அதனை மட்டும் குறித்தல் சாலும்.

வகுப்பில் தமிழைப் பயன்படுத்தலாமா என்னும் வினா இன்னும் தீர்ந்தபாடில்லை. ஒரு பள்ளியில் ஆங்கிலப் பாடவேளையில் தமிழ்ச்சொல் உதிர்த்த பிள்ளை உண்டியலில் பத்து சென் போட வேண்டும் என்றொரு வழக்கத்தைக் கண்டோம். நன்னோக்கத்தோடு செய்ததாகவே இருக்கலாம். விளைவு யாதெனில், ஆங்கிலம் பெருகவில்லை, பேச்சு அருகியது. தமிழ்ப்பள்ளியினுள்ளேயே தமிழ் தண்டத்திற்குரிய குற்றமாயிற்று. இதனைக் கடுமையாகவே மறுக்கிறோம். மறுகோடியில், ஒவ்வோர் ஆங்கிலத் தொடரையும் உடனுக்குடன் தமிழில் பெயர்த்துச் சொல்லும் ஆசிரியர் உளர். அவ்வகுப்பில் பிள்ளைகள் ஆங்கிலத்தைச் செவிமடுப்பதே இல்லை. எப்படியும் தமிழ் வந்துவிடும் எனக் காத்திருக்கின்றனர். முன்னதைவிட இது மென்மையான தீங்கு, ஆனால் தீங்கே. விளையாட்டின் விதியை ஒரு நிமிடம் தமிழில் விளக்கிவிட்டு இருபது நிமிடம் ஆங்கிலத்தில் விளையாடச் செய்வதும், மேலே கண்டவாறு இரு மொழி அமைப்புகளை ஒப்பிட்டுக் காட்டுவதும் தமிழுக்குரிய இடங்கள். ஏனைய நேரம் ஆங்கிலத்திற்கே உரியது.

ஆங்கிலத்தில் பிள்ளைகள் எதைச் செய்வது என்றால், பெங்களூரிலும் சென்னையிலும் 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய வகுப்புத் திட்டத்தை நோக்கலாம். பின்னாளில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த அப்பேராசிரியர், சாதாரண அரசுப் பள்ளி மாணவரிடம் இரயில் கால அட்டவணையையும் நிலப்படத்தையும் கொடுத்து, கணக்கிட்டும் வழிதேடியும் விடை காணச் செய்தார். கவனம் பொருளின்மேல் இருக்கும்போது மொழி உடன்வளரும் என்பது அவர் துணிபு. நமக்கும் கொமுட்டர் இரயிலின் அட்டவணை உண்டு. கிள்ளானிலிருந்து புறப்பட்டு ஒன்பது மணிக்குள் கோலாலம்பூர் சேர எந்த வண்டியில் ஏற வேண்டும் என்னும் வினாவிற்குப் பாடநூலும் வேண்டா, படக்கருவியும் வேண்டா. தலைசிறந்த கற்பித்தல் முறை என ஒன்று இல்லை என்றும், கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பற்றி ஆசிரியர் உள்ளத்தில் உயிர்ப்போடு இயங்கும் தெளிவே முதன்மை என்றும் அவர் 1990இல் எழுதினார். ஆண்டுதோறும் புதுப்பெயரோடு வரும் பயிற்சிப்பட்டறைகளுக்கு அலைக்கழிக்கப்படும் நம் ஆசிரியர்கள் அக்கட்டுரையை ஒருமுறை படித்தல் நலம்.

நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியராகாதார்க்குக் காட்டும் உவமைகளுள் ஒன்று கழற்காய் இட்ட குடம். காய்களை இட்ட வரிசை ஒன்று, கொட்டும்போது வரும் வரிசை வேறு. பவணந்தியார் அதனை ஆசிரியர்க்குச் சொன்னார். இரண்டாம் மொழி கற்கும் பிள்ளையின் வாயிலிருந்தும் நாம் இட்ட வரிசையில் ஒன்றும் வருவதில்லை. பிள்ளையிடத்தில் அது குற்றம் அன்று. அதற்கொரு வரிசை உள்ளே இருக்கிறது.

மன்றத்தின்முன் ஒரு வேண்டுகோள் உண்டு. தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்போருள் தமிழ் அறியாதவர்களும் உளர். 'எஸ்' என்று விடையளித்த சிறுவனை அவர்கள் எவ்வாறு அறிவார்கள்? தமிழின் ஒலியமைப்பு, வேற்றுமை, வினைமுற்று, வினாவிடை முறை ஆகியவற்றை, அவர்கள் படித்துணரும் வகையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நாற்பது ஐம்பது பக்கங்களில் ஒரு கைந்நூலாக மன்றம் வெளியிடலாம். ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் ஆங்கிலத்துறை மாணவர்க்கும் அதனை வழங்கலாம். எழுதுவதற்கு நாம் அணியமாக இருக்கிறோம். வகுப்பறைகளில் கேட்ட தொடர்களைத் திரட்டித் தர ஆசிரியர்கள் முன்வர வேண்டும். பிள்ளை சொன்னது, சொல்ல எண்ணியது, தமிழில் அது எவ்வாறு அமையும் என மூன்று வரிகள் எழுதியனுப்பினால் போதும். மாணவரின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டா. மன்றத்தின் முகவரிக்கு இவ்வாண்டு இறுதிக்குள் அனுப்புங்கள்.

பெற்றோர்கள் சிலர் உரைக்கு முன்னரே நம்மிடம் கேட்ட வினா ஒன்று உண்டு: பிள்ளையின் ஆங்கிலம் வளர வீட்டில் தமிழை நிறுத்திவிடலாமா? நிறுத்த வேண்டா. நீங்கள் தயக்கமின்றிக் கதை சொல்லவும், கண்டிக்கவும், வாதிடவும் வல்ல மொழி எதுவோ அம்மொழியிலேயே பேசுங்கள். இன்றைய உரையில் நாம் காட்டிய ஒவ்வோர் எடுத்துக்காட்டும் பிள்ளையிடம் முழுமையான தமிழ் இருக்கிறது என்பதை அடிப்படையாகக் கொண்டது. அது வீட்டிலிருந்துதான் வரவேண்டும்.

வினாக்களுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருப்பதாக அவைத்தலைவர் நினைவூட்டுகிறார்.